4ஆம் பதிப்பு வார்டனை 5ஆம் பதிப்புக்குக் கொண்டுவருவது: ஒரு நிகழ்வு ஆய்வு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை ஆடும் மேசை ஆட்டத்தின் 4ஆம் பதிப்பில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2 வெளியான ஆண்டு 2009. இயற்கையிலிருந்து பலம் பெறும் பிரைமல் கிளாஸ்கள் (கிளாஸ் என்பது ஆடுபவரின் பாத்திர வகை) நான்கு அதில் இருந்தன: பார்பேரியன், டிரூயிட், ஷாமன், வார்டன். 2014இல் 5ஆம் பதிப்பின் அடிப்படை நூல் வந்தபோது முதல் இரண்டும் உள்ளே வந்துவிட்டன. ஷாமனும் வார்டனும் வாசலிலேயே நின்றுவிட்டன. ஷாமனின் கதை வேறு. வார்டனை 5ஆம் பதிப்பில் ஒரு முழு கிளாஸாக எழுதிப் பார்த்தபோது எது சுலபமாக வந்தது, எது வர மறுத்தது என்பதுதான் இங்கே.

வார்டனைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 4ஆம் பதிப்பில் ஒவ்வொரு கிளாஸுக்கும் சண்டையில் ஒரு வேலை உண்டு. வார்டனுடைய வேலை டிஃபெண்டர்: முன்வரிசையில் நின்று, எதிரிகள் பின்னால் இருப்பவர்களிடம் போகாமல் தடுப்பது. முதல் லெவலில் எச்.பி. (உயிர்ப் புள்ளிகள்) 17 கூட்டல் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) மதிப்பு. அதற்குப் பிறகு லெவலுக்கு 7. ஃபைட்டருக்கே 15, 6 என்றுதான் இருந்தது. கனமான இரும்புக் கவசம் கிடையாது, தோல் கவசமும் கேடயமும்தான். சண்டை சூடுபிடித்தால் பனியின் தூதனாகவோ சிறுத்தையாகவோ உருமாறலாம்.

இலை, மரப்பட்டை, கொடி, பனி எல்லாம் எளிதாகப் பதிப்பு மாறும். அவற்றை எந்தக் கிளாஸின் மேலும் பூசிக்கொள்ளலாம். சிக்கல் இருந்த இடம் கணக்கு: ஒரு சுற்றில் யாருக்கு எத்தனை செயல், எதிரிக்கு என்ன தேர்வு மிச்சம். வார்டனின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது என் கருத்து.

புதுக் கிளாஸ் தேவையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 5ஆம் பதிப்பில் வார்டனின் துண்டுகள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. ஓத் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ் பாலடினிடம் கொடிகளால் எதிரியைக் கட்டும் சக்தி இருக்கிறது, அதன் பெயர்கூட வார்டனிடம் இருந்த அதே ‘நேச்சர்ஸ் ராத்’தான். 2017இன் ஒரு நூலில் வந்த ஆன்செஸ்ட்ரல் கார்டியன் பார்பேரியன், தான் முதலில் அடித்த எதிரி வேறு யாரையாவது தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (இருபது பக்கப் பகடையை இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுப்பது) கொடுக்கிறது. அதே நூலின் கேவலியர் ஃபைட்டரிடம் மார்க் (எதிரியைக் குறித்துவைத்து, மற்றவர்களைத் தாக்குவதைக் கடினமாக்குவது) இருக்கிறது, அதை மீறினால் தண்டனையும் இருக்கிறது. எதிரியை நகரவிடாமல் நிறுத்தும் சென்டினல் ஃபீட்டை (கூடுதல் திறன்) எவரும் எடுக்கலாம்.

இவற்றில் ஒன்றை எடுத்துப் பச்சை வண்ணம் அடித்தால் போதாதா? ஒரு எதிரியைப் பிடித்து நிறுத்துவதற்குப் போதும். ஆனால் வார்டன் ஒரு எதிரியை இறுகப் பிடிக்கும் கிளாஸ் இல்லை. தன் முறையில், எந்தச் செயலையும் செலவழிக்காமல், பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் ஒரே வீச்சில் மார்க் செய்யும். அவர்களில் மீறும் ஒருவரை மட்டும் தண்டிக்கும். பலரைத் தளர்வாக, ஒருவரை இறுக்கமாக: இந்த விகிதம் மேலே சொன்ன எதிலும் இல்லை. கேவலியர் அருகே வருகிறது, ஆனால் அடித்துப் பட்ட எதிரியைத்தான் அதனால் மார்க் செய்ய முடியும். அதனால் தனிக் கிளாஸ்தான் என்று முடிவு.

மார்க்: எதிரிக்குத் தேர்வு மிச்சம் இருக்க வேண்டும்

4ஆம் பதிப்பில் மார்க் என்றால், மார்க் செய்தவரைச் சேர்க்காத எந்தத் தாக்குதலிலும் 2 குறையும். 5ஆம் பதிப்பில் இப்படிச் சின்னச் சின்னக் கழித்தல்களை ஒழித்துவிட்டு அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ் என்று வைத்துவிட்டார்கள். அதனால் மார்க்கை டிஸ்அட்வான்டேஜாக மாற்றிவிடலாம் என்று கை தானாகப் போகும். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

5ஆம் லெவல் வார்டன் ஒன்று, அதன் ஏ.சி. (பகடையும் கூட்டலும் சேர்ந்து இதை எட்டினால்தான் அடி படும்) 17. பக்கத்தில் ஏ.சி. 15 உள்ள தோழர் ஒருவர். இருவருக்கும் எட்டும் தூரத்தில் மூன்று ஓகர் அரக்கர்கள். ஓகருக்குத் தாக்குதல் கூட்டல் 6, பட்டால் சராசரி 13 சேதம். மார்க் இல்லாமல் மூன்றும் தோழரை அடித்தால் ஒவ்வொன்றுக்கும் 60 சதவீத வாய்ப்பு, சுற்றுக்குச் சராசரி 23.4 சேதம். டிஸ்அட்வான்டேஜ் கொடுத்தால் வாய்ப்பு 36 சதவீதம், சேதம் 14. பழைய மாதிரி 2 கழித்தால் 50 சதவீதம், 19.5.

இப்போது அதே ஓகர் வார்டனையே அடித்தால்? 11 விழுந்தால் பட்டுவிடும், 50 சதவீதம். அதாவது பழைய விதிப்படி தோழரை அடித்தாலும் வார்டனை அடித்தாலும் ஓகருக்கு ஒரே வாய்ப்பு. தோழரை அடித்தால் கூடவே வார்டனின் தண்டனையும் வரும். வார்டனை அடித்தால் பெரிய எச்.பி. குவியலைக் கரைக்க வேண்டும். இரண்டு வழியுமே எதிரிக்குக் கசக்கும், ஆனால் இரண்டும் வழிதான். டிஸ்அட்வான்டேஜ் கொடுத்தால் 36க்கும் 50க்கும் நடுவே யோசிக்க எதுவும் இல்லை. டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) எல்லா ஓகர்களையும் வார்டன் மேல் ஏவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். யாரும் மீறாத மார்க்குக்குத் தண்டனை எதற்கு? கிளாஸின் பாதிச் சக்தி தாளிலேயே தங்கிவிடும்.

சரி, 2ஐக் கழித்துவிட்டுப் போகலாமே என்றால், 5ஆம் பதிப்பின் இலக்கணத்தோடு அது ஒட்டாது. ஆனால் அந்தப் பதிப்பிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. பேன் மந்திரம் தாக்குதலிலிருந்து ஒரு டி4 (நான்கு பக்கப் பகடை) கழிக்கிறது. டி4இன் சராசரி 2.5, பழைய 2க்கு ஒட்டி வருகிறது. ஓகரின் வாய்ப்பு 47.5 சதவீதமாகிறது, மூன்றுக்கும் சேர்த்துச் சேதம் 18.5. வார்டனை அடிப்பதற்கும் தோழரை அடிப்பதற்கும் இடையே இடைவெளி இரண்டரை சதவீதம்தான். தேர்வு உயிரோடு இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. டி.எம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் இன்னொரு பகடை உருட்ட வேண்டும். அந்த டி4ஐ வார்டன் ஆடுபவரே உருட்டட்டும் என்று எழுதிவைத்தேன். தன் மார்க்கால்தான் அடி தவறியது என்று அவர் கண்ணால் பார்ப்பார், டி.எம். கையும் ஓயும். பேனோடு இது சேராது என்று ஒரு வரி போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு ஓட்டை. 4ஆம் பதிப்பில் டிராகன் நெருப்பைக் கக்கினாலும் அது டிராகன் உருட்டும் தாக்குதல்தான், எனவே வார்டன் அதற்குள் சிக்காதபோது மார்க் அதையும் குறைத்தது. 5ஆம் பதிப்பில் உருட்டுவது மாட்டிக்கொண்டவர்கள். மார்க் அதைத் தொடவே தொடாது. உயர் லெவல் மான்ஸ்டர்களின் பெரிய அடிகள் பெரும்பாலும் இந்த வகை என்பதால் மார்க் மெல்ல மெல்லப் பல்லை இழக்கும். 9ஆம் லெவலில் ஒரு சேர்க்கை வைத்தேன்: மார்க் செய்யப்பட்ட எதிரி வார்டனைச் சேர்க்காமல் ஏவும் எதற்கும் தோழர்கள் சேவ் (பாதிப்பிலிருந்து தப்புவதற்கான உருட்டல்) உருட்டும்போது ஒரு டி4 கூட்டிக்கொள்ளலாம். வார்டனும் அந்த நெருப்புக்குள் நின்றால் இது கிடையாது. பழைய விதியும் அதையேதான் சொன்னது.

ஒரே ஒரு ரியாக்‌ஷன்

மாற்றுவதில் உண்மையிலேயே கஷ்டமான இடம் இது. மார்க்கை மீறுபவரைத் தண்டிக்க வார்டனிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. வார்டன்ஸ் ஃபியூரி: பக்கத்தில் இருப்பவர் மீறினால், அவருடைய தாக்குதல் முடிவதற்கு முன்பே குறுக்கே புகுந்து ஓர் அடி, பட்டால் வார்டனுக்கும் தோழர்களுக்கும் அவர்மேல் காம்பேட் அட்வான்டேஜ். வார்டன்ஸ் கிராஸ்ப்: 5 கட்டங்களுக்குள் இருப்பவர் மீறினால், அவரை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த முறை முடியும்வரை வேகத்தைக் குறைத்து, நழுவிப் போக முடியாமல் செய்வது. இரண்டில் ஒன்று, சுற்றுக்கு ஒரு முறை.

அதுவரை 5ஆம் பதிப்போடு ஒத்துப்போகிறது, அங்கேயும் அடுத்தவர் முறையில் எதிர்ச்செயல் செய்யச் சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான். ஆனால் 4ஆம் பதிப்பில் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகி ஓடும் எதிரிமேல் கிடைக்கும் அடி) வேறு கணக்கில் இருந்தது. ஒவ்வொரு எதிரியின் முறையிலும் ஒன்று என்று அது தனியாக ஓடியது. ஃபியூரியைச் செலவழித்த பிறகும் வார்டனைத் தாண்டி ஓடுபவன் அடி வாங்கினான். 5ஆம் பதிப்பில் இரண்டும் ஒரே ரியாக்‌ஷனிலிருந்துதான் வர வேண்டும். முதல் ஓகர் வேண்டுமென்றே தோழரை அடித்து ஃபியூரியை வாங்கிக்கொண்டால், மற்ற இரண்டும் ஜாலியாக நடந்து பின்வரிசைக்குப் போய்விடலாம். கொஞ்சம் மூளையுள்ள டி.எம். இதை இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

2014இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் விருப்ப விதியாக ஒரு மார்க் இருக்கிறது. அதன்படி மார்க் செய்யப்பட்டவரை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் செய்தால் ரியாக்‌ஷன் செலவாகாது, அட்வான்டேஜும் உண்டு. வழி அங்கேயே இருக்கிறது. ஆனால் இரண்டையும் அப்படியே எடுத்தால் வார்டன் ஒரு சுவராகிவிடும். கேவலியருக்கு எல்லார் முறையிலும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடைப்பது 18ஆம் லெவலில்தான் என்பதையும் மறக்கக் கூடாது. நடுவே ஓரிடத்தில் நிறுத்தினேன்: 5ஆம் லெவல் முதல் வார்டனுக்கு இரண்டாவது ரியாக்‌ஷன் ஒன்று உண்டு, அதை மார்க் செய்த எதிரிமேல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் செய்ய மட்டுமே பயன்படுத்தலாம். அட்வான்டேஜ் கிடையாது. மூன்று ஓகர் சண்டையில் இப்போது ஒருவன் தண்டனை வாங்குவான், ஒருவன் ஓடும்போது அடி வாங்குவான், மூன்றாமவன் தப்பிப்பான். மூவரில் ஒருவன் தப்பிப்பது சரி என்றே நினைக்கிறேன். எல்லோரையும் நிறுத்திவிட்டால் மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பயமே இருக்காது.

ஃபியூரியின் பரிசைக் குறைத்தாக வேண்டியிருந்தது. 4ஆம் பதிப்பின் காம்பேட் அட்வான்டேஜ் என்பது தாக்குதலில் கூட்டல் 2, அவ்வளவுதான். 5ஆம் பதிப்பின் அட்வான்டேஜை ஒரு முழுச் சுற்றுக்கு எல்லோருக்கும் தூக்கிக் கொடுத்தால், அட்வான்டேஜ் கிடைத்தாலே கூடுதல் சேதம் செய்யும் ரோக் கிளாஸை ஆடுபவர் வார்டனுக்குக் கோயில் கட்டிவிடுவார். அடுத்து வரும் ஒரே ஒரு தாக்குதலுக்கு மட்டும் அட்வான்டேஜ் என்று சுருக்கினேன்.

கிராஸ்ப் அநேகமாக அப்படியே வந்தது. 25 அடிக்குள், 5 அடி நகர்த்தல், முறை முடியும்வரை வேகம் 10 அடி, டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது) எடுக்க முடியாது. பழைய விதியில் இதற்கு உருட்டலே இல்லை. 5ஆம் பதிப்புக்காரர்கள் ஸ்ட்ரெங்த் சேவ் ஒன்று வைக்கத் துடிப்பார்கள். வேண்டாம். வெறும் 5 அடி நகர்த்துவதற்கு ஆட்டத்தை நிறுத்திப் பகடை தேட வைப்பது நியாயமில்லை.

தோல் கவசமும் ஹிட் டைஸும்

ஏ.சி. கணக்கு இனிமையாகத் தீர்ந்தது. பழைய வார்டனில் இரண்டு வகை. டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு) பதிலாக, எர்த்ஸ்ட்ரெங்த் வகையானால் கான்ஸ்டிட்யூஷனையும் வைல்ட்பிளட் வகையானால் விஸ்டத்தையும் (விவேகம்) ஏ.சி.க்கு எடுத்துக்கொள்ளும். 5ஆம் பதிப்பில் ஹைடு (தோல்) கவசம் 12 கூட்டல் டெக்ஸ், அதுவும் 2க்கு மேல் போகாது. வார்டனுக்கு அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, டெக்ஸுக்குப் பதில் கான் அல்லது விஸ்டம் என்று மாற்றினால், கான் 16 (கூட்டல் 3) உள்ளவருக்குக் கேடயத்தோடு (கூட்டல் 2) 17. கான் 20 ஆனால் 19. செயின் மெயிலும் கேடயமும் 18, பிளேட்டும் கேடயமும் 20. எப்போதும் இரும்புக்காரரைவிட ஒன்று கம்மி. அந்த ஒன்றை டி12 ஹிட் டை (எச்.பி.யைத் தீர்மானிக்கும் பகடை; பன்மையில் ஹிட் டைஸ்) ஈடுகட்டும்.

இந்தச் சலுகை ஹைடு அணிந்திருந்தால் மட்டும்தான் என்பது முக்கியம். 4ஆம் பதிப்பில் ஒரு லெவல் மட்டும் வேறு கிளாஸ் எடுத்து ஓடிவிடும் பழக்கத்துக்கு இடமில்லை. 5ஆம் பதிப்பில் அதுதான் பாதிப் பேரின் பொழுதுபோக்கு. இதே காரணத்துக்காக மார்க் முதல் லெவலில் வந்தாலும் கனக் கவசம் போட்டால் வேலை செய்யாது, ஃபியூரியும் கிராஸ்பும் இரண்டாம் லெவலில்தான்.

அப்புறம் செகண்ட் விண்ட். 4ஆம் பதிப்பில் இது எல்லோருக்கும் உண்டு: சண்டைக்கு ஒரு முறை, மொத்த எச்.பி.யில் கால் பங்கு திரும்பும். வார்டன் அதைப் பயன்படுத்தும்போது கூடுதலாக, எர்த்ஸ்ட்ரெங்த் என்றால் ஏ.சி. ஏறும், வைல்ட்பிளட் என்றால் மார்க்கின் கழித்தல் ஏறும். 5ஆம் பதிப்பில் செகண்ட் விண்ட் ஃபைட்டரின் சொத்து, இந்த இரண்டு சக்திகளையும் மாட்டிவைக்க ஆணியே இல்லை. ஆனால் ஹிட் டைஸ் இருக்கிறது, 4ஆம் பதிப்பில் குணமாகச் செலவழித்த ஹீலிங் சர்ஜின் தம்பி போல. ஷார்ட் ரெஸ்டுக்கு (சிறு ஓய்வு) ஒரு முறை, போனஸ் ஆக்‌ஷனாக, லெவலில் கால் பங்கு (மேல்நோக்கி முழுமையாக்கி) ஹிட் டைஸைச் சண்டை நடுவிலேயே செலவழிக்கலாம் என்று வைத்தேன். 5ஆம் லெவலில் இரண்டு டைஸ், கான் 16 என்றால் சராசரி 19 எச்.பி. அந்த லெவலில் மொத்தம் 55. 10ஆம் லெவலில் கான் 18 என்றால் மூன்று டைஸ், 31.5, மொத்தம் 115. 5ஆம் லெவலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, 10ஆம் லெவலில் கால் பங்கை ஒட்டி வருகிறது. செலவழித்த டைஸ் 2014 விதிப்படி லாங் ரெஸ்டில் (நீண்ட ஓய்வு) பாதிதான் திரும்பும் என்பதால் இது தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது.

ஃபான்ட் ஆஃப் லைஃப்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய வார்டன் தன் முறையின் தொடக்கத்திலேயே ஒரு பாதிப்பை உதற ஒரு சேவ் உருட்டும். மற்றவர்கள் முறை முடிவில்தான் உருட்டுவார்கள். அங்கே சேவ் என்பது கூட்டல் கழித்தல் இல்லாத டி20, 10 விழுந்தால் போதும், 55 சதவீதம். 5ஆம் பதிப்பில் சேவ் ஆளுக்கு ஆள், மந்திரத்துக்கு மந்திரம் மாறும். ஆனால் ஓரிடத்தில் பழைய உருட்டல் அப்படியே இருக்கிறது: சாகக் கிடப்பவர் உருட்டும் டெத் சேவ். கூட்டல் இல்லாத டி20, 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. ஃபான்ட் ஆஃப் லைஃபை அந்த உருட்டலாகவே வைத்துவிட்டேன்.

பலம் எவ்வளவு? ஆளை அசையவிடாமல் கட்டும் ஹோல்ட் பெர்சன் மந்திரம், டி.சி. (சேவ் எட்ட வேண்டிய எண்) 15, வார்டனின் விஸ்டம் சேவ் கூட்டல் 1. முறை முடிவில் மட்டும் உருட்டினால் வெளியேற 35 சதவீதம். மந்திரத்தை வேறு யாரும் கலைக்காவிட்டால் சராசரியாக மூன்று முறைகள் பறிபோகும். ஃபான்ட் இருந்தால் சராசரி இழப்பு ஒரு முறைக்கும் குறைவு, 0.64. இதை முதல் லெவலில் வைக்கவே முடியாது. பாலடினின் பாதுகாப்பு ஆரா வரும் 6ஆம் லெவலில் வைத்தேன். இன்னொரு வேலி: அந்த மந்திரமோ சக்தியோ தானே மறு சேவ் கொடுப்பதாக இருந்தால் மட்டுமே இது செல்லும். கூல் பேயின் பக்கவாதத்துக்குச் செல்லும். 2014 ஹிப்னாடிக் பேட்டர்னுக்குச் செல்லாது, அதில் மறு சேவ் கிடையாது. சேவ் தேர்ச்சி ஸ்ட்ரெங்த், கான் என்று வைத்ததும் இதனால்தான். விஸ்டம் தேர்ச்சியையும் கொடுத்தால் ஃபான்டுக்கு வேலை இருக்காது.

உருமாற்றங்கள்

டிரூயிட்டின் வைல்ட் ஷேப்பை நகலெடுக்கத் தோன்றும், அது தப்பான அச்சு. டிரூயிட் வேறு மிருகமாகிறது, எண்களும் மாறுகின்றன. வார்டன் தன் ஆயுதத்தோடு, தன் எண்களோடு தானாகவே நின்று, மேலே ஒன்றை அணிந்துகொள்கிறது. பார்பேரியனின் ரேஜ்தான் பொருத்தமான எலும்புக்கூடு: போனஸ் ஆக்‌ஷன், ஒரு நிமிடம், கான்சன்ட்ரேஷன் (மனம் குவித்துத் தக்கவைப்பது, அடி பட்டால் கலையக்கூடியது) தேவையில்லை. அடி வாங்குவதே தொழிலாக உள்ளவரிடம் கான்சன்ட்ரேஷன் கேட்பது கொடுமை. 3ஆம் லெவலில் லாங் ரெஸ்டுக்கு இரண்டு முறை. ஒவ்வோர் உருவத்திலும் பழையபடி ஒரே ஒரு முறை மட்டும் செய்யக்கூடிய பெரிய தாக்குதல்.

வின்டர்ஸ் ஹெரால்ட் உருவம் அழகாக வந்தது. ஏ.சி. கூட்டல் 1, குளிர் சேதத்துக்கு எதிர்ப்பு, சுற்றி 10 அடி எதிரிகளுக்கு மட்டும் கடின நிலம். இதோடு கிராஸ்ப் சேர்ந்தால், 10 அடி வேகத்துக்குச் சுருங்கியவன் பனியில் 5 அடிதான் நகர முடியும். பழைய கணக்கிலும் வேகம் 2 கட்டம், கடின நிலத்தில் 1 கட்டம். ஒரு கட்டம் 5 அடி என்பதால் இரண்டும் ஒன்றே. கட்டத் தாள் இல்லாமல் வாயாலேயே ஆடும் குழுக்களுக்கு மட்டும் இந்த அடிக் கணக்கு உதைக்கும்.

சப்கிளாஸ்களுக்கு (கிளாஸின் உட்பிரிவுகள்) அலைய வேண்டியதில்லை. எர்த்ஸ்ட்ரெங்தும் வைல்ட்பிளடும் முதல் நூலிலேயே இருக்கின்றன. 2009இலேயே வந்த பிரைமல் பவர் நூல் லைஃப்ஸ்பிரிட், ஸ்டார்ம்ஹார்ட் இரண்டையும் சேர்த்தது.

2024 விதிகளோடு ஆடுபவர்களுக்கு

2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் வேர்ல்ட் ட்ரீ பார்பேரியன் வந்துவிட்டது. 6ஆம் லெவலில், 30 அடிக்குள் தன் முறையைத் தொடங்கும் எதிரியை ரியாக்‌ஷனால் தன் பக்கத்துக்கே இழுத்து வேகத்தைப் பூஜ்யமாக்கும், அவர் ஸ்ட்ரெங்த் சேவில் தோற்றால். இது கிராஸ்பைவிடக் கொடியது. மரமும் வேரும் போதும் என்பவர்கள் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம், மனப்பூர்வமாகவே சொல்கிறேன். பலரைத் தளர்வாகப் பிடிப்பது மட்டும் அதில் இல்லை.

வார்டனையே கொண்டுபோகிறீர்கள் என்றால் இரண்டு திருத்தங்கள். லாங் ரெஸ்டில் ஹிட் டைஸ் முழுவதும் திரும்பிவிடுகிறது, அதனால் சண்டை நடுவில் குணமாவதை லாங் ரெஸ்டுக்கு இரண்டு முறை என்று கட்டுங்கள். வெப்பன் மாஸ்டரியில் (ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் கூடுதல் விளைவுகள்) சாப் இருக்கும் ஆயுதம், அடிபட்ட எதிரியின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கும். டி4 மார்க்கோடு அது சேர்ந்தால் ஓகரின் 60 சதவீதம் ஏறக்குறைய 23க்கு விழும். சாப் ஒரே தாக்குதலைத்தான் தொடும் என்றாலும், 5ஆம் லெவலில் இரண்டு அடி அடிப்பதால் இரண்டு எதிரிகள்மேல் போகும். அந்தத் தாக்குதலுக்கு மட்டும் மார்க்கின் டி4 கிடையாது என்று எழுதிவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும் ஸ்லோ, கீழே தள்ளும் டாப்பிள் இரண்டையும் தாராளமாக அனுமதிக்கலாம். எடை கூட்டிக் காலைப் பிடிக்கும் வெயிட் ஆஃப் எர்த் போன்ற, எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யக்கூடிய பழைய அட்-வில் அடிகளைத் தனியாக எழுதும் வேலையும் அதோடு மிச்சம்.